கூரை தொட்ட மனுதாரர்கள்

தாம்பரத்தில் வக்கீல் பட்டாபிராமன் அலுவலகத்தில் தீபலட்சுமி மனுவை வாசிக்கும்போது அதில் பொய் இருந்தால், கையெழுத்துப் போட வந்தவர் நாற்காலியை விட்டு மேலே எழும்பிவிடுவார். சின்னப் பொய்க்கு ஒரு சாண், பெரிய பொய்க்கு ஆள் உயரம். கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டுவது தொழில் வழக்கம், விட முடியாது. செக்ரட்டரியாக அவள் சேர்ந்த முதல் கோடையிலேயே, பாகப்பிரிவினைக்கு வந்த ஒருவர் நூலிழையில் தப்பியதால், சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைத்தார்கள். கட்சிக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். பெண்கள் புடவைக்குக் கூடுதலாக இரண்டு பின் குத்திக்கொண்டு வந்தார்கள். இறக்குவதற்கும் வழி இருந்தது. மனுவின் கடைசியில் வரும் 'எனக்குத் தெரிந்தவரையிலும் நான் நம்பும்வரையிலும் உண்மை' என்ற வரியை அவள் வாசித்ததும் எப்பேர்ப்பட்டவரும் பொத்தென்று நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். அந்த ஒரு வரியை நம்பித்தான் அலுவலகமே ஓடியது.

அவள் புருஷன் சேட்டு திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுபவன், நல்லவன், தூக்கம் மட்டும் கொஞ்சம் அதிகம். மேடவாக்கத்து வாடகை வீட்டில் ஒருநாள் தண்ணி லாரி வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது தெரியாமல் தூங்கிவிட்டான். வேலை முடிந்து வந்தவள் காலிக் குடத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அவன் இரண்டு சொன்னான். மூன்றாவது வார்த்தைக்குள் இரண்டு பேரின் அம்மாக்களும் பேச்சுக்குள் வந்துவிட்டார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனவள் அங்கிருந்தே மின்சார ரயிலில் வேலைக்கு வந்துபோனாள். ரோஷம் பார்த்து இருவரும் போன் செய்யவில்லை. ஒரு வருஷம் ஓடிவிட்டது. கடைசியில் பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவை அவளே டைப் அடித்தாள். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

கையெழுத்துப் போட வந்த சேட்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். அது அவளுக்கு என்னவோ செய்தது. வாசிக்க ஆரம்பித்தாள். தன் உடம்பைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இல்லை, அது எழும்பும் என்று தெரியும். அவன் கீழேயே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பதுதான் பயம். 'இனி சேர்ந்து வாழ இயலாது' என்ற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். உச்சந்தலையில் கூரை இடித்தது. கண்ணைத் திறந்தாள். எதிரே, அதே உயரத்தில், தலையைத் தடவிக்கொண்டு சேட்டு மிதந்துகொண்டிருந்தான்.

"கடைசி வரியைப் படிம்மா, எறங்கிடலாம்," என்றார் பட்டாபிராமன்.

படித்தாள். இறங்கவில்லை. மறுபடி படித்தாள். அசையவில்லை. மனு பொய் என்று இப்போது இருவருக்குமே தெரிந்துவிட்டது, 'தெரிந்தவரையிலும்' என்று சொல்லித் தப்பிக்க வழி இல்லை.

"இன்னா தீபா, இங்கயே குடித்தனமா?" என்றான் சேட்டு.

"இங்க லாரி வராதே, நிம்மதியா தூங்கு," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"இனிமே நானே புடிக்கிறேன் தண்ணி. வூட்டுக்கு வா."

பட்டாபிராமன் ஸ்டூல் போட்டு ஏறி இரண்டு டீயைக் கொடுத்தார். குடித்து முடித்ததும் தீபலட்சுமி மனுவை நாலாகக் கிழித்தாள். இருவரும் மெதுவாக இறங்கினார்கள். அன்று சாயங்காலம் அவள் ரயிலுக்குப் போகவில்லை, மேடவாக்கம் பஸ் ஏறினாள்.

இப்போது வெள்ளையடிக்க வருகிறவர்களிடம், கூரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அவர்கள் தலை இடித்த அந்த இரண்டு எண்ணெய்க் கறையை மட்டும் விட்டுவிடச் சொல்கிறார் பட்டாபிராமன். அவர்களும் ஏன் என்று கேட்பதில்லை.