ஐம்பத்தைந்துக்குக் கீழே

அரிசோனாப் பாலைவனத்தில் நாங்கள் குளிர்காலத்தைக் கழித்த கேரவன் முகாமில், ஒரு நாளைக்கு ஒரு மாதம் வயது குறையும். அந்தக் காற்று அப்படி. ஏப்ரல் முதல் தேதி எல்லோரும் ஊர் திரும்பும்போது, மாநில எல்லையிலுள்ள பாலத்தைத் தாண்டியதும் குறைந்த வயது மொத்தமாக ஏறிவிடும். ஆகவே இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முழங்கால் வலி ஐந்து மாதம் இருக்காது, அவ்வளவுதான்.

நான் வின்னிபெக் நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி திலகவதி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். இருவருக்கும் பூர்வீகம் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். வாசலில் பனி வாரி வாரி அலுத்துப்போய், நவம்பரில் பழைய கேரவன் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தோம். அப்போது எனக்கு எழுபத்து மூன்று, அவளுக்கு அறுபத்தாறு.

ஐம்பத்தைந்துக்குக் குறைந்தவர்களுக்கு முகாமில் இடம் கிடையாது. நிர்வாகி டோரிஸ் அம்மாள் வாரம் ஒருமுறை வந்து எல்லோருடைய விரல் நகங்களையும் பார்த்து வயதைக் குறித்துக்கொள்வார். மார்ச் இரண்டாம் வாரம் திலகவதியின் கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஐம்பத்து நாலு வருஷம், பதினோரு மாசம். இன்றைக்கே காலி செய்துவிடுங்கள், அம்மா.”

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு முகாம் இருந்தது. அங்கே வயது வரம்பு இல்லை. அங்கே அவள் தங்க ஒரு சின்னக் கேரவனை வாடகைக்குப் பிடித்தோம். நானும் வருகிறேன் என்றேன்.

“இந்த இடத்த விட்டுட்டா அடுத்த வருஷம் கெடைக்காதுங்க. நீங்க இங்கயே இருங்க,” என்றாள்.

நான் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். மத்தியானம் ஒரு தூக்குப்போசியில் ஊற்றி வேலிக்கு மேலாகக் கொடுப்பேன். அவள் நடை வேகமாகிவிட்டிருந்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் போய்விடுவாள்.

பத்தாம் நாள் அவளுக்கு அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. திலகவதிக்கு ஐம்பத்து நாலு வயதும் இரண்டு மாதமும் ஆனபோதுதான் அத்தை காலமானார். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் போன் வருவது இயல்பு. முதல் நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். குரல் எழும்பவில்லை. மறுநாள் ஒரு மாதம் பின்னால் போய்விட்டபடியால் வீட்டில் மஞ்சள் காயவைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் பேசியது அவருக்குத் தெரியாது. திலகவதி தினமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

“நெஞ்சு வலிச்சா ஒடனே போயிக் காட்டும்மா.”

“எனக்கென்ன கண்ணு வலி? கல்லாட்டம் இருக்கறேன்.”

அந்த நாட்களில் அவள் வேலிக்கு நேரத்துக்கு வரவில்லை. ரசம் ஆறிப்போனது. எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. காலமான அந்த வருடம் அத்தை வின்னிபெக் வருவதாக இருந்தது. விசா கிடைத்து, டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. ‘இந்தக் குளிரில் வேண்டாம், வெயில் வந்ததும் வரட்டும்’ என்று தள்ளிப்போட்டவன் நான். வெயில் வரும்போது அவர் இல்லை. திலகவதி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பன்னிரண்டு வருடங்களாக எங்கள் வீட்டில் அந்தப் பேசாத பேச்சுதான் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

போன் வரத் தொடங்கிய நான்காம் நாள் அவளே போனை வேலிக்குக் கொண்டுவந்தாள்.

“அம்மா உங்ககிட்டப் பேசணுமாம்.”

“மாப்பிள்ளை, டிக்கெட்டு வந்துருச்சுங்க,” என்றார் அத்தை. “அங்க குளுரு ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்க. இப்பவே வரட்டுங்களா, வெயில் வந்ததும் வரட்டுங்களா?”

திலகவதி ஒரு கள்ளிச்செடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இங்க குளிரே இல்லீங்க அத்தை,” என்றேன். “நாளைக்கே கிளம்பி வாங்க.”

திலகவதி போனை வாங்கிக்கொள்ளவில்லை. காலியான தூக்குப்போசியை எடுத்துப்போய்க் கழுவி, முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தாள். மற்ற நாட்களில் நான்தான் கழுவுவேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் அத்தை பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பையும் சுருட்டிய கோரைப்பாயும். டோரிஸ் அம்மாள் நகத்தைப் பார்த்து எழுபத்தெட்டு என்று குறித்துக்கொண்டு, எங்கள் கேரவனுக்கு அடுத்த இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார். மகளுக்கு அனுமதி இல்லாததால் அவள் அந்தப் பக்கமே இருந்தாள். அம்மாவும் மகளும் வேலிக்கு இருபுறமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலை முதல் வெயில் சாயும்வரை பேசினார்கள். என் ரசத்தைக் குடித்த அத்தை, “புளி கம்மிங்க மாப்பிள்ளை,” என்றார். மறுநாள் கூட்டிப் போட்டேன்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி எல்லோரும் வண்டிகளைத் தயார் செய்தார்கள். நான் டயர்களில் காற்று சரிபார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன்.

“நாளைக்கு எத்தன மணிக்குங்க?” என்று திலகவதி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

“ஒம்பதுக்குள்ள காலி பண்ணணும்.”

“பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குதுங்க மாப்பிள்ளை?” என்றார் அத்தை.

“குளிருங்க அத்தை.”

அவர் வெங்காயம் உரிப்பதைத் தொடர்ந்தார். திலகவதி நாற்காலியை வேலியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டோரிஸ் அம்மாள் அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டுப் போனார். ‘நாளை மார்ச் முப்பத்திரண்டு. யாரும் காலி செய்ய வேண்டியதில்லை. குழாய் பழுது பார்ப்பதால் காலை எட்டு மணிக்கு மேல் தண்ணீர் வராது. தேவையானதைப் பிடித்து வைத்துக்கொள்ளவும்.’

நான் இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். எனக்கு முன்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.