சுவரில் பாதிக் கார்

"இப்பக் கண்ணத் தொறக்கலாம் அக்கா" என்றான் டேல்.

வாசலிலேயே கண்ணை மூடச் சொல்லி, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்திருந்தான். மாரிட் கண்ணைத் திறந்தாள். தம்பியின் பர்கர் கடைச் சுவரிலிருந்து ஒரு பீட்டில் காரின் முன்பாதி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம். மான் மோதி நசுங்கிய இடது மட்கார்டு. அது அப்பாவின் கார்.

"பிறந்தநாள் பரிசு எப்படி?"

"மீதிப் பாதி எங்கடா?"

"பழைய இரும்புக்குப் போட்டாச்சு. அடியெல்லாம் துருப்பிடிச்சுக் கெடந்துச்சுக்கா."

"ரிப்பேருக்கு விட்டிருக்கேன்னு சொன்னியே! குளிர்காலம் பூரா அதத்தானே சொன்ன?"

"சஸ்பென்ஸா இருக்கட்டுமேன்னுதான்."

சஸ்பென்ஸாம். சாகும்போது அப்பா அந்தக் காரை இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டுப் போனார். வெட்டும்போது மட்டும் இவன் ஒருத்தனுக்கே சொந்தமாகிவிட்டது.

அவர்கள் சிறு வயதில், அமெரிக்காவின் வடக்கே டுலூத்தில் பனி கொட்டும் காலையில் தெருவிலிருந்த கப்பல் மாதிரி பெரிய கார்களெல்லாம் இருமிக்கொண்டு கிடக்கும். எஞ்சின் காற்றிலேயே ஆறிவிடுவதால் தண்ணீரே கேட்காத அந்தக் குட்டி வண்டி மட்டும் படபடவென்று கிளம்பிவிடும். ஹீட்டர் பேருக்குத்தான்; பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பல் தந்தியடிக்கும். எதிரே இன்னொரு பீட்டில் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்க வேண்டும். பதிலுக்குத் தூக்காதவன் மனுஷனே இல்லை என்பது அப்பாவின் சட்டம். வேறு வேறு வண்டி வாங்கிய பிறகும் அக்காவும் தம்பியும் வழியில் பார்த்துக்கொண்டால் அதைத் தவறவிட்டதில்லை.

அப்பா அந்தக் காரை வாங்கியதே விளம்பரத்தைப் பார்த்துத்தான். மற்ற கார் கம்பெனிகள் விளம்பரத்தில் மாளிகை வாசலில் காரை நிறுத்திப் பீற்றிக்கொண்டிருந்த காலம். இதற்கோ பக்கம் முழுக்க வெறும் வெள்ளை, மூலையில் துளியூண்டு கார், அடியில் தன்னையே கிண்டலடிக்கும் நாலு வரி. "தன்னப் பாத்துச் சிரிக்கத் தெரிஞ்சவன் பொய் சொல்லமாட்டான்" என்று சொல்லி வாங்கிவிட்டார். அந்தத் தாளை முன்மூடியின் உட்புறத்தில் ஒட்டியும் வைத்தார். ஆறு வயது மாரிட் அந்த வெள்ளையில் கிரேயானால் அப்பா, அம்மா, தம்பி, தான் என்று நாலு பேரை வரைந்துவிட்டு, உதை விழும் என்று நடுங்கி நின்றாள். "இப்பத்தான் விளம்பரம் முழுசாச்சு" என்றார் அப்பா.

"அந்தத் தாள் எங்க?"

"அதான் பெரிய ஆச்சரியமே! உக்காரு" என்றான் டேல்.

பரிமாறுகிற பெண் வந்து தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தைப் போட்டாள். அதில் அச்சாகியிருந்தது அதே விளம்பரம். மூலையில் கார், வெள்ளையில் அவள் வரைந்த நாலு பேர். மாரிட் திரும்பிப் பார்த்தாள். எல்லா மேசையிலும் அதே காகிதம். பக்கத்து மேசைக்காரர் வாயைத் துடைத்துக் கசக்கித் தட்டில் போட்டார். அம்மாவின் முகத்தில் கெட்சப்.

"ஊரே நம்ம குடும்பத்தப் பாக்குதுக்கா. அப்பா இருந்தா எவ்வளவு சந்தோஷப்படுவாரு!"

"அப்பாவ வித்து பர்கர் திங்கறியேடா, வெக்கமா இல்ல?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். தன் மேசைக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினாள்.

கொஞ்ச தூரம் போய் அவள் காரைத் திருப்பியபோது, அவளைத் தேடிக் கிளம்பியிருந்த டேலின் லாரி எதிரே வந்தது. முகம் வாடிப்போயிருந்தான். பழக்கம் விடவில்லை, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினான்.

மாரிட் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள்.