ஐந்து விநாடி மௌனம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாயை மூடிக்கொண்டு ஒரு வேலையும் செய்ய வராது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. லிஃப்ட் கூண்டின் மேல் ஒருவர், மோட்டார் அறையில் ஒருவர் என்று நின்று வேலை பார்க்கிறவர்கள் கையை அசைக்கும் முன் வாயை அசைத்தாக வேண்டும். "மேலே எடுக்கறேன்", "நிறுத்தறேன்" என்று குரல் கொடுக்காமல் பொத்தானைத் தொட்டால் ஆள் நசுங்கிப் போவான். பதினெட்டு வருஷப் பழக்கம். வீட்டில்கூட, "சட்டை போடறேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் சட்டை போடுவார்.

கட்டிக்கொண்டதோ நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணை. பகலெல்லாம் ஊராரை 'உஷ்' என்று அடக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே அணைக்க முடியாத ரேடியோ ஒன்று.

நூலகத்தின் ஆண்டு விழாவில் ஒரு ஜோடிப் பாட்டு உண்டு. மூன்று வருஷமாக அதில் மெக்கானிக்கின் மனைவியோடு பாடி வந்தவர் நூலகத்தின் துணை மேலாளர். கனத்த குரல், மனிதர் தொண்டையைச் செருமினாலே கைதட்டல் விழும். மெக்கானிக்கும் கூட்டத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டிவிட்டு வருவார். இந்த வருஷம்தான் வழி பிறந்தது. ஊழியர்கள் தங்கள் வீட்டு ஆட்களோடும் பாடலாம். மேடையில் பாடுவது சனிக்கிழமை. அதற்கு முன் மாதிரிக்கு வீட்டிலேயே பதிவு செய்து புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் வழக்கம்போல் துணை மேலாளர்.

புதன்கிழமை மூன்று மணிக்கு லேப்டாப்போடு வந்து இறங்கினான் மச்சான். மனைவியின் தம்பி, செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன்.

"மாமா, இந்த சாஃப்ட்வேர் ஒண்ணுமே தெரியாதவங்களுக்காகவே செஞ்சது."

"அப்ப உனக்கு நல்லா வரும்," என்றார் மெக்கானிக்.

உண்மையிலேயே சுலபமாகத்தான் இருந்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பதிவு. அக்காவின் குரலுக்கு ஒரு வரிசை, மாமாவின் குரலுக்கு அதன் கீழே ஒரு வரிசை. தாளம் ரெடிமேடாக இருந்தது. பிடித்ததை இழுத்துப் போட்டால் போதும். தப்பு செய்தால், வளைந்த அம்புக்குறியைத் தட்டத் தட்ட ஒவ்வொரு படியாகப் பின்னால் போகலாம்.

இருவரும் பாடி முடித்துப் போட்டுக் கேட்டபோது, பாட்டுக்கு அடியில் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல். சமையலறை ஃபிரிட்ஜ்.

"அதுக்கும் வழி இருக்கு," என்றான் மச்சான். "யாரும் பேசாம அறையை அஞ்சு விநாடி பதிவு பண்ணணும். அதுல என்ன சத்தம் இருக்கோ, அதுதான் குப்பைன்னு இது மனப்பாடம் பண்ணிக்கும். அப்புறம் பாட்டு முழுக்கத் தேடித் தேடித் துடைச்சிடும்." அதற்குள் கடையிலிருந்து போன் வர, பால்கனிக்குப் போய்விட்டான். மனைவி முகம் கழுவப் போயிருந்தாள்.

இதற்கெல்லாம் ஆள் எதற்கு? மெக்கானிக் பொத்தானில் விரலை வைத்தார்.

"பதிவு எடுக்கறேன்... ஓடுது... யாரும் பேசாதீங்க... நிறுத்தறேன்!"

சரியாக ஐந்து விநாடி. அடுத்து, "துடைக்கறேன்!"

ஐந்தே முக்காலுக்கு மூவரும் கேட்டார்கள். மனைவியின் குரல் கழுவிய கண்ணாடி மாதிரி வந்தது. அடுத்து மெக்கானிக்கின் வரி. தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தவன் கூப்பிடுவது போல 'ப்ளுக்... ப்ளுக்' என்றது. பிறகு அதுவும் இல்லை.

"டேய், என் குரல் எங்கடா?"

மச்சான் அந்த ஐந்து விநாடியைத் தேடிப் போட்டான். கேட்டவன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "மாமா! ஃபிரிட்ஜோட உங்களையும் சேர்த்துக் குப்பைன்னு எழுதிக்கிச்சு!"

"கல்யாணமாகிப் பதினாறு வருஷமாச்சு," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் இன்னும் முடிவுக்கு வரலை. இது அஞ்சு விநாடியில வந்திடுச்சே!"

மெக்கானிக்கும் சிரித்துப் பார்த்தார். ஆனால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இல்லாத அந்தப் பாட்டு, சொல்லப்போனால், அழகாகவே இருந்தது.

"நேரமில்லை, விடு," என்றார். "நீ துணை மேலாளரோடயே பாடு. உன் குரலுக்கு அதுதான் பொருத்தம்."

எழுந்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மனைவியின் சிரிப்பு நின்றது. "டேய், அந்த வளைஞ்ச அம்பு எங்க?" தட்டினாள். மெக்கானிக்கின் குரல் ஃபிரிட்ஜையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. "ஏங்க, இங்க வாங்க. அஞ்சே அஞ்சு விநாடி. வாயை மூட முடியுமா, முடியாதா?"

"அதென்ன பெரிய விஷயம்?"

முதல் தடவை, "ரெடி!" என்றார். அழித்தார்கள். இரண்டாம் தடவை நான்காவது விநாடி வரை தாக்குப்பிடித்து, "முடிஞ்சுதா?" என்றார். மணி ஐந்து ஐம்பத்து மூன்று.

மூன்றாம் தடவை மனைவி ஒரு கையால் அவர் வாயைப் பொத்தி, மறு கையால் பொத்தானை அமுக்கினாள். மெக்கானிக்கின் கண் பிதுங்கியது, காது சிவந்தது. திரையில் ஃபிரிட்ஜ் மட்டும் மெல்லிய கோடாக ஓடியது. ஒன்று... இரண்டு... ஐந்து.

துடைத்துப் போட்டதும் இரண்டு குரலும் பளிச்சென்று வந்தன. கடைசிக்கு முந்தின வரியில் மட்டும் மெக்கானிக்கின் சுருதி, நிற்க வேண்டிய மாடியில் நிற்காமல் ஒரு மாடி மேலே போய் நின்றது.

"சுருதியைச் சரி பண்ணவும் ஒரு பட்டன் இருக்கு மாமா. ஒரே இழுப்பு," என்று மச்சான் கையை நீட்டினான்.

"தொடாதே," என்றாள் மனைவி. "சனிக்கிழமை மேடையில அந்தப் பட்டனுக்கு நான் எங்க போவேன்? இப்படியே போகட்டும். அந்த இடம் வரும்போது நான் இவரைப் பிடிச்சுக்கறேன்."

ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் பாட்டு போய்ச் சேர்ந்தது. மச்சான் லேப்டாப்பை மூடப் போனான்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் போடு," என்றாள் அக்கா. "ஏங்க, நிமிர்ந்து நின்னு பாடுங்க. சுருதி வராம விடமாட்டேன்."

மெக்கானிக் நிமிர்ந்து நின்றார்.