சாம்பல் சபைக்குத் துணி துவைப்பது யார்?

மனிதர்களில் இரண்டே வகை: ஏதாவது ஒரு கூட்டத்தில் போய்ச் சேருகிறவர்கள், அப்புறம் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உயரம், எடை மாதிரி இதுவும் ஒரு தகவல். கல்லூரியில் வகுப்பே ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு படம் எடுத்தபோது கேமராவைப் பிடித்திருந்தவன் நான்தான்.

அதனால் எங்கள் கம்பெனி செய்கிற வீடியோ கேமில் வில்லன் கூட்டத்தை எழுதும் வேலை இயல்பாகவே என்னிடம் வந்தது. சாம்பல் சபை என்று பெயர் வைத்தேன். கறுப்பு அங்கி, எலும்பு முகமூடி, பாதாளத்தில் பலிபீடம், வாசலில் இரட்டைத்தலை நாய். தலைவர் வந்தால் முதலில் நெடுநேரம் சிரிப்பார். விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் மொட்டை, அன்று மத்தியானம் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"ஏன்டா, இவனுங்களுக்கெல்லாம் துணி யாரு துவைக்கிறது?"

"என்னது?"

"இத்தனை அங்கி இருக்கே. ரத்தக்கறை வேற. காலைல எந்திரிச்சு, இன்னிக்குக் கெட்டவனா இருப்போம்னு ஒருத்தன் பல்லு விளக்குவானா? எவன்டா இதுல போய்ச் சேருவான்?"

"முட்டாள் சேருவான்."

"முட்டாளைக் கொல்ல எனக்கு எதுக்குடா மந்திர வாள்?"

பதில் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு 'கூடம்' என்கிற ஆன்மிகச் சபைக்குப் போய்விட்டாளாம். சாயங்காலம் வேன் வருகிறதாம், மலைமேல் இருக்கும் அவர்கள் இடத்துக்குக் கூட்டிப்போக. அங்கே போனவர்களுக்குப் போன் கிடையாது. பக்கத்துத் தெரு டீச்சர் அப்படிப் போனவள்தான். தன் அப்பா செத்ததற்குக்கூட வரவில்லை.

"வேன் வர்றதுக்குள்ள போய் இழுத்துட்டு வாடா. இந்த வாயை வச்சுக்கிட்டு இதுக்காவது உபயோகப்படு."

அக்கா கல்யாணம் முறிந்து வீட்டுக்குத் திரும்பியவள். சில மாதங்களாகத்தான் கூடத்துக்குப் போய்வந்தாள். நான் அவளை 'பக்தகோடி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அங்கே சாப்பிட்டதும் எல்லோரும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றித் தட்டுக் கழுவுவோம் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னாள். "எறும்புகூடச் சக்கரை இருந்தாத்தான்க்கா வரிசைல நிக்கும்" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

பஸ்ஸில் நின்றபடியே பேச வேண்டியதையெல்லாம் தயார்செய்தேன். மூளைச்சலவை, டீச்சர், அம்மாவின் பிரஷர். எதை எந்த இடத்தில் இறக்குவது என்பதுவரை யோசித்தாயிற்று. ஆனால் இரும்புக் கேட் ஒன்றை எதிர்பார்த்துப் போன எனக்கு, டியூஷன் சென்டர் மாதிரி ஒரு வீடுதான் கிடைத்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், செருப்பு வைக்கும் தட்டு. கேட் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள். முற்றத்தில், அக்கா வைத்திருந்த கூடத்துப் படத்தில் நடுவில் நின்ற அதே நடுத்தர வயதுக்காரர், வாயில் கிளிப்பைக் கவ்வியபடி ஈரச் சட்டைகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். மொட்டையின் கேள்விக்குப் பதில் இவர்தான். தலைவரே துவைக்கிறார்.

அவர் கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார், கொஞ்சமாக.

"வாப்பா. தம்பிதானே? லைட்டை அணைச்சா தூக்கம் வராதாமே உனக்கு. பரவால்ல, எனக்கும் அப்படித்தான்."

அது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

"அக்காவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"தாராளமா. கேட் திறந்துதானே இருக்கு."

பூட்டியிருந்தால் கத்தியிருப்பேன், உடைத்திருப்பேன். திறந்திருக்கும் கேட்டை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தலைவாரி, முகம் கழுவி, பல மாதங்களாக நான் பார்க்காத ஒரு தெளிவோடு.

"அம்மா அழறா. வாக்கா, போலாம்."

பதில் சொல்வதற்கு முன்னால் அவள் கொடிப் பக்கம் பார்த்தாள். அவர் எங்களைக் கவனிக்கவே இல்லை, ஒரு போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்படியும் பார்த்தாள். என் கேமில் அடிமைகளின் கழுத்தில் சங்கிலி போட்டிருந்தேன். இங்கே சங்கிலி இல்லை.

"அவரை எதுக்குப் பாக்குற? நான்தானே கேக்குறேன்?"

"இத்தனை மாசமா எல்லாரும் என்னைப் பத்திப் பேசினீங்க, பக்கத்து ரூம்ல உக்காந்து. என்கிட்ட ஒருத்தரும் பேசல. நீ ஜோக் அடிச்ச."

"நல்ல ஜோக்குதானே?"

"நல்லாத்தான் இருந்துச்சு." அவள் சிரிக்கவில்லை. "இங்க ஒருநாள் வரலைன்னா ஏன் வரலைன்னு கேக்குறாங்கடா."

"அந்த டீச்சர் அவங்க அப்பா செத்ததுக்குக்கூட வரல. தெரியுமா?"

மறுபடி கொடிப் பக்கம் ஒரு பார்வை. "அவங்களுக்கு அங்க வேலை இருந்துச்சு."

அதைச் சொன்ன குரல் அக்காவுடையது போலவே இல்லை. அடுத்து அம்மாவின் பிரஷரை எடுக்க வாயைத் திறந்தேன். தெருவில் வேன் ஹார்ன் அடித்தது.

யாரும் கட்டளையிடவில்லை. எல்லோரும் எழுந்து, படிக்கட்டிலிருந்து வேன்வரை ஒரு வரிசையாக நின்றார்கள். பைகள் கைமாற ஆரம்பித்தன. எனக்குப் பக்கத்தில் இடுப்பைப் பிடித்தபடி நின்ற ஒரு வயதான அம்மாவுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே இடைவெளி அதிகம். கனமான பெட்டி ஒன்று அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"தம்பி, கொஞ்சம் பிடியேம்ப்பா."

விழப்போகும் பெட்டியைப் பிடிக்காமல் நிற்க யாராலும் முடியாது. பிடித்தேன். வலப்பக்கத்து ஆள் கை நீட்டினார், கொடுத்தேன். இந்த ஒன்றோடு சரி என்று நினைப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அந்த அம்மா "அப்பாடா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. யாரும் நன்றி சொல்லவில்லை, யாரும் என்னை வேற்றாளாகவும் பார்க்கவில்லை. பைகள் ஒரு தாளத்தில் வந்தன. ஆபீஸில் ஒரு வருடமாக நான் செய்த எந்த வேலையும் இவ்வளவு சீராக நடந்ததில்லை. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அம்மாவாகத்தான் இருக்கும். இரண்டு கையிலும் பை இருந்தது.

அடுத்து வந்தது நீலப் பை. ஜிப் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. அவள் கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று நான் குத்திக்கொடுத்த ஊக்கு. தலையைத் தூக்கினேன். படிக்கட்டிலிருந்து அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடிப் பக்கம் திரும்பவில்லை. என்னை மட்டும்தான்.

வலப்பக்கத்து ஆள் ஏற்கெனவே கையை நீட்டியிருந்தார். இடப்பக்கம் அந்த அம்மா அடுத்த பையின் கனம் தாங்காமல் முனகினார். போன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது.

நீலப் பை வலப்பக்கம் போயிற்று. என் கைகள் காலியாக, இடப்பக்கம் நீண்டிருந்தன.