வரி கேட்காத வீடு

ஆடித் திருவிழாவுக்கு ஊர் வரி வாங்க ஊர்க் கணக்கு எழுதும் பெருமாள் நோட்டோடு தெருவில் இறங்கியதுமே, அர்ச்சனா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். மனிதர் பக்கத்து வீட்டில் வாங்கினார். இவள் வாசல் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று தாண்டிப் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

அந்த மீனவக் குப்பத்தில் வரி கேட்காமல் விடுவது புருஷனைப் பறிகொடுத்த வீடுகளைத்தான். இவள் புருஷன் முத்துராஜோ குத்துக்கல்லாட்டம் பஹ்ரைனில் இருக்கிறான், எவனோ ஒருத்தன் படகில் வலை இழுத்துக்கொண்டு. அங்கே சம்பளத்துக்கு வரியே கிடையாது, மொத்தமும் நம்முடையது என்று அவன் போனில் பீற்றிக்கொள்ளாத வாரமில்லை. நல்ல ராஜ்ஜியம்தான், யார் இல்லையென்றார்கள்? போய் மூன்று வருஷமாகிறது, ஒரு தடவை ஊருக்கு வந்தானா!

ஓடிப்போய் மறித்தாள். பெருமாள் நெளிந்தார். ஒண்டியாகக் கஷ்டப்படுகிற பெண் என்று ஊர்க்கூட்டத்தில் தானே பேசி வரியைத் தள்ளிவிட்டதாகச் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் வரி போனால் நோட்டில் புருஷன் பேர் போகும்; பேர் போனால் ஏரியில் இந்த வீட்டுக்கு வலை போடக் கிடைக்கும் முறையும் போகும். நாளைக்கே முத்துராஜ் திரும்பினாலும் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவன் இனி வரமாட்டான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அதை இவளிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

"ஆம்பள இல்லாத வூடுனு எழுதிட்டீங்களா மாமா?" என்றாள்.

"நோட்டுல பேரு வேணும்னா அவனே வாயால கேக்கணும்மா, அதான் ஊர் வழக்கம்."

அங்கேயே நின்று வீடியோவில் கூப்பிட்டாள். முத்துராஜ் படகிலிருந்து எடுத்தான். விஷயம் முழுசாகக் காதில் விழுவதற்குள், பஹ்ரைன் ராஜாவே வரி கேட்கவில்லை, குப்பத்துக்காரங்களுக்கு எதுக்கு அழணும் என்று எகிறினான். அர்ச்சனா கத்தவில்லை.

"இங்க வரி இல்லன்னா நான் தாலி அறுத்தவள்னு அர்த்தம். நீ கீறியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

படகில் அவன் பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள், அவன் திரும்பவில்லை. பெருமாள் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, எப்போது வருவாய் என்று கேட்டார். போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு, ஆடுகிற படகில் முத்துராஜ் எழுந்து நின்றான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கி, அம்மன் சந்நிதியில் நிற்கிறவன்போலக் கைகட்டிக்கொண்டு, நோட்டில் எழுதுகிறபடியே நைனா பேரோடு சேர்த்துத் தன் பேரைச் சொன்னான்.