ஐம்பது டிகிரியில் ஓர் இறக்கம்

அந்தப் பள்ளிக்கூடத்துக் காற்றுக்குத் தனிப் புத்தி. ஊர் உலகத்தில் காற்றைச் சூடாக்கினால் அது விரியும், சூடாக்கும் வரை விரிந்துகொண்டே போகும். இங்கே மட்டும் ஐம்பது டிகிரி வந்ததும் அது ஏதோ நினைத்துக்கொண்டு கொஞ்சம் சுருங்கி, அப்புறம் மனசு மாறி மறுபடியும் விரியும். பத்தாம் வகுப்பின் நாற்பது ரெக்கார்டு நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் எழுதியிருக்கிறது.

சோதனை என்னவோ சாதாரணமானது. ஒரு முனை மூடிய மெல்லிய கண்ணாடிக் குழாய். அதன் நடுவில் ஒரு சொட்டு சிவப்பு எண்ணெய், அந்தச் சொட்டுக்குக் கீழே அடைபட்ட காற்று. குழாயை ஸ்கேலோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, தண்ணீர் பீக்கரில் தெர்மாமீட்டரோடு நிறுத்தி, அடியில் விளக்கைப் பற்றவைக்க வேண்டும். தண்ணீர் சூடேற ஏறக் காற்று விரிந்து எண்ணெயை மேலே தள்ளும். பத்து டிகிரிக்கு ஒருமுறை உயரத்தைப் பார்த்து எழுதினால் கட்டத்தாளில் நேர்கோடு வரும். ஆனால் லேபில் இருந்த குழாயில் எண்ணெய் எந்தக் காலத்திலோ காய்ந்து பசையாகி ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் கொதித்து வழிந்தாலும் அது இருந்த இடத்தைவிட்டு அசையாது.

அதற்காகப் படிப்பு நின்றுவிடுமா? பிள்ளைகள் லேப் அண்ணன் என்று கூப்பிடும் உதவியாளரின் மேஜை இழுப்பறையில் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. என்றைக்கோ, யாரோ ஒரு மாணவன் எழுதியது. முப்பது டிகிரியில் அறுபது மில்லிமீட்டர், நாற்பதில் அறுபத்திரண்டு, ஐம்பதில் அறுபத்தொன்று, அறுபதில் அறுபத்தாறு. ஐம்பதில் அவன் கவனம் எங்கே போயிற்றோ தெரியாது. ஆனால் கெட்டிக்காரன். தப்பை அழிக்காமல் கீழே ஒரு காரணம் எழுதிவிட்டான்: ‘ஜன்னல் வழியே வந்த காற்றினால் ஐம்பது டிகிரியில் சிறிது இறக்கம் காணப்படுகிறது.’ வருஷா வருஷம் வகுப்பு முழுக்க அந்த வாக்கியத்தை ஒரு புள்ளி விடாமல் காப்பி அடித்தது. அந்த ஜன்னலோ, பின்பக்கம் கழிப்பறை கட்டியபோதே செங்கல் வைத்து அடைக்கப்பட்டு, முன்னால் ஒரு இரும்பு அலமாரியும் வந்து உட்கார்ந்தாகிவிட்டது.

அறிவியல் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். நேராகத் தலைமையாசிரியரிடம் போனாள். பிள்ளைகள் அவருக்குக் குக்கர் என்று பெயர் வைத்திருந்தார்கள், விசில் அடிக்கும்வரை சத்தமில்லாமல் இருப்பார் என்பதால். அன்று விசில் அடித்தது. இத்தனை வருஷமாக எந்தப் பரீட்சை அதிகாரியும் கேட்காததை, நேற்று வந்த தற்காலிக டீச்சர் வந்து கேட்கிறாளா என்றார். தற்காலிகம் என்ற சொல் அவள் வாயை அடைத்தது. அதற்கப்புறம் ஆறு வருஷம். ஒவ்வொரு வருஷமும் விடுமுறைக்கு முன்னால் நீக்குவார்கள், பள்ளி திறந்ததும் மறுபடி எடுப்பார்கள். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, “சூடு ஏறுறப்ப காத்து எங்கயாவது சுருங்குமா?” என்று சிரித்தார். அவளுக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. பழகப் பழக அந்த இறக்கம் அவளுக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி ஆகியிருந்தது.

இந்த வருஷம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எதையும் பென்சிலில்தான் எழுதுவாள். ஏன் என்று கேட்டால், “அளவு மாறலாம் மிஸ்” என்பாள். அதனால் பென்சில் என்றே பெயர். அவள் யாருக்கும் தெரியாமல், மதிய இடைவேளையில், லேப் அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி அந்தக் குழாயை வாங்கி, சோப்புத் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, கழுவிக் காயவைத்து, புது எண்ணெய் விட்டாள். மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் ஐம்பதில் அறுபத்துநான்கு. கோடு நூல் பிடித்த மாதிரி போனது. நோட்டு டீச்சரிடம் வந்தது.

டீச்சர் அதைப் பார்த்தாள். சரி என்று அவளுக்குத் தெரியும், பார்த்த உடனேயே தெரியும். ஆனால் பள்ளி ஆய்வாளர் வரப்போகிற வாரம் அது. அவர் ஒரு வரி நல்லதாக எழுதினால் உன் வேலை நிரந்தரம் என்று குக்கர் சொல்லியிருந்தார். முப்பத்தொன்பது நோட்டு ஒரு மாதிரியும் ஒரு நோட்டு வேறு மாதிரியும் இருந்தால் கேள்வி வரும். சிவப்புப் பேனாவை எடுத்து, ‘ஐம்பதில் இறக்கம் எங்கே? திருப்பிச் செய்’ என்று எழுதி, பத்துக்கு நாலு போட்டாள். எழுதி முடித்த பிறகு கை கழுவ வேண்டும் போலிருந்தது. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

ஆய்வாளர் லேபுக்கே வந்தார். காலி பாட்டிலின் வாயில் பலூனை மாட்டி, வெந்நீர்ப் பாத்திரத்தில் டீச்சர் அதை வைத்தாள். தொங்கிக்கிடந்த பலூன் மெல்லத் தலை தூக்கி நின்றது. பனிக்கட்டித் தண்ணீருக்கு மாற்றினாள், சுருங்கித் தொங்கியது. பலூனுக்குள் யாரும் ஊதவில்லை, இருந்த காற்றுதான் இடம் கேட்கிறது என்று அவள் சொன்னபோது வகுப்பே கண் கொட்டாமல் பார்த்தது. அவள் நல்ல டீச்சர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆய்வாளரே கால்மேல் போட்டிருந்த காலை எடுத்துவிட்டு முன்னால் சாய்ந்து பார்த்தார்.

அப்புறம் அவர் ரெக்கார்டு நோட்டுகளைக் கேட்டார். ஒன்று புரட்டினார், இரண்டு, ஐந்து. ஆறாவதில் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“எந்த ஜன்னல்?”

 லேப் அண்ணன், பாவம், பொய் சொல்லத் தெரியாதவர், இரும்பு அலமாரியைக் காட்டினார். குக்கர் முந்திக்கொண்டு, அது இந்த அறையின் தன்மை, எத்தனை தடவை அளந்தாலும் அப்படித்தான் வருகிறது என்றார்.

“ஒருத்தருக்குக்கூட நேரா வரலியா?” என்று ஆய்வாளர் கேட்டது டீச்சரை.

பென்சிலின் நோட்டு அவள் முன்னால் வருகைப் பதிவேட்டுக்கு அடியில்தான் இருந்தது. கையை ஒரு சாண் நகர்த்தினால் போதும். நகர்த்தினால் அதில் நேர்கோடும் இருக்கும், அதன் குறுக்கே அவளுடைய சிவப்பு எழுத்தும் இருக்கும். இரண்டாவது வரிசையில் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கவில்லை. மிஸ் சொல்லுவார்கள் என்று நம்பிக் காத்திருந்தாள்.

“இல்ல சார்,” என்றாள் டீச்சர்.

பென்சில் மெதுவாக மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஆய்வாளருக்கு அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிட்டது. முகத்தைச் சுளிப்பார் என்று எல்லோரும் நினைக்க, அவர் யோசித்துத் தலையாட்டினார். நாற்பது பிள்ளைகளும் இவ்வளவு ஒரே மாதிரியாக அளப்பதைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். அறிக்கையில் இரண்டு வரி எழுதினார். டீச்சரின் பாடம் மிகச் சிறப்பு. லேபில் ஜன்னல் இல்லாதது பெருங்குறை, உடனே அமைக்க வேண்டும்.

அடுத்த வாரமே கொத்தனார் வந்தார். அலமாரியை இழுத்தார்கள், சுவரை உடைத்தார்கள், கம்பி போட்ட ஜன்னல் வைத்தார்கள். அதைத் திறந்தால் கழிப்பறைச் சுவர் தெரியும், வாசனையும் தாராளமாக வரும். கணக்கு சரியில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது, இறக்கத்துக்குக் காரணம் சுண்ணாம்பு அடித்துத் தயாராக நின்றது. அதே வாரம் டீச்சருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அவள் வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, இனிமேல் யாருக்கும் பயப்பட வேண்டாம் என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம், இனிமேல் பயமில்லை. ஆறு வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லலாம். முதல் வேலையாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நாலை அடித்துப் பத்தாக்க வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும். ராத்திரியெல்லாம் வாக்கியத்தைக் கூட்டிக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

காலையில் அவள் கூப்பிடும் முன்பே பென்சில் லேபுக்கு வந்து நின்றாள். பதிவேட்டுக்கு அடியிலிருந்த நோட்டை எப்போது எடுத்துப் போனாளோ, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

“திருப்பிச் செய்யச் சொன்னீங்களே மிஸ். செஞ்சுட்டேன்.”

டீச்சர் நோட்டைத் திறந்தாள். முப்பதில் அறுபது, நாற்பதில் அறுபத்திரண்டு, ஐம்பதில் அறுபத்தொன்று. கட்டத்தாளில் அழகான ஒரு பள்ளம். கீழே ஜன்னல் வாக்கியம், ஒரு எழுத்துப் பிசகவில்லை.

“நிஜமா அளந்து பாத்தியா?” என்று கேட்டாள் டீச்சர்.

“எதுக்கு மிஸ்?” என்றாள் அந்தப் பெண். கேலி இல்லை, கோபம் இல்லை, தெரிந்துகொண்டவளின் நிதானம். “இப்பத்தான் ஜன்னல் வந்துடுச்சே.”

நாலை அடிக்க எடுத்து வைத்திருந்த பேனாவை டீச்சர் மூடினாள். மறுபடியும் நோட்டைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள், எண்கள் எல்லாம் நீல மையில் இருந்தன. அந்தப் பெண் பேனாவால் எழுதியிருந்தாள்.