அடைக்காத துளை

என் வீட்டுக்காரர் செத்துப்போன மகனோடு பேசுகிறார் என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். ஷெட்டுக்குள், அந்தப் பாழாய்ப்போன மோட்டார் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுடா என்பார். தலையைத் திருப்பமாட்டார். கையை மட்டும் வெளியே நீட்டி, விரலை விரித்துக் காத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து தேடி எடுப்பார்.

வாங்கும்போதே கிழட்டுப் படகு அது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவருக்கு வீட்டில் கை சும்மா இருக்கவில்லை. அப்பனும் பிள்ளையும் சேர்ந்து அதை ஓடவைத்து, லீவு நாளில் ஏரிக்குக் கொண்டுபோவார்கள். மீன் என்று ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வெயிலில் கருத்த இரண்டு மூஞ்சிகளைத்தான் கொண்டுவருவார்கள். பிறகு ஒரு லாரி என் பிள்ளையைச் சாலையிலேயே முடித்துவிட்டது. படகு மழையில் கிடந்து ஊறியது. இவர் வாய் திறப்பதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் திடீரென்று தார்ப்பாயை உருவிவிட்டு வேலையை ஆரம்பித்தார். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். மக்கிய அடிப்பலகையைப் பெயர்த்துப் புதிது போட்டார். விரிசலில் ரெசின் பசையைப் பூசித் தேய்தேய் என்று தேய்த்ததில் வீடெல்லாம் வெள்ளைப் பொடி. என்ஜினிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றி, என் பால் பாத்திரத்தில் பெட்ரோல் ஊற்றி ஊறப்போட்டார். அதற்கு நான் ஆடிய ஆட்டத்துக்குப் பழைய மனுஷனாக இருந்தால் பதிலுக்கு ஒரு கத்துக் கத்தியிருப்பார். இவரோ படகுப் பக்கம் திரும்பி, "அம்மா கோவமா இருக்காடா" என்றார்.

அதன்பின் சாப்பிடக் கூப்பிட்டால்கூட அங்கே அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். தட்டில் பாதி அப்படியே கிடக்கும். என்னிடம் பேச அவருக்கு ஒரு வார்த்தை மிச்சமில்லை. மகள் டாக்டரிடம் காட்டச் சொன்னாள். என் அண்ணன், படகை விற்றுத் தலைமுழுகு என்றான். என் பயம் எனக்கு. ஒருவனைப் பறிகொடுத்தாயிற்று, இந்த மனுஷனும் கொஞ்சம் கொஞ்சமாக அவன் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

படகை இறக்கும் அன்று நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அண்ணன் தன் வண்டியில் இழுத்துவந்து, ஏரிச் சரிவில் டிரெய்லரோடு பின்னுக்கு விட்டு நிறுத்தினான்.

படகின் பின்பலகையில், அடியில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. கரையில் நிற்கும்போது மழைத்தண்ணீர் வடிய அதைத் திறந்து வைப்பார்கள். இறக்குமுன் பித்தளைத் திருகுமூடியை வைத்து அடைக்க வேண்டும். அது எப்போதும் பிள்ளையின் வேலை. இவர் மேலே என்ஜினோடு இருந்து கேட்பார். கீழேயிருந்து அவன் பதில் சொன்ன பிறகுதான் படகு தண்ணீரைத் தொடும்.

அன்றும் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பாராமல், "அடைச்சாச்சா?" என்று கேட்டார்.

காற்று அடங்கியிருந்தது. இவர் தலையாட்டிவிட்டு அண்ணனுக்குக் கை காட்டினார். படகு வழுக்கிக்கொண்டு இறங்கியது. புதுப் பலகையின் மேல் தண்ணீர் பரவுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, துளையைத் தடவிக் கண்டுபிடித்து, உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

இவர் தன் காலடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஆச்சுப்பான்னு சொன்னானே. உனக்குக் கேக்கலையா?"

எனக்கும் கேட்டது. லேசாக மூக்கடைத்த அதே குரல், என் காதுக்குப் பக்கத்தில். அதனால்தான் துளையைக் குனிந்து பார்க்காமல் நானும் நின்றிருந்தேன். ஆனால் கேட்டது என்று சொல்லிவிட்டால் இந்த மனுஷன் இனி என் பக்கம் திரும்பவே மாட்டார்.

"கேக்கலை," என்றேன். "அவன் இல்லைங்க. நான்தான் இருக்கேன். இறங்கி வாங்க."

பிறகு மெதுவாகத் தண்ணீரில் இறங்கி, என் கையை விலக்கி, தானே திருகுமூடியை வைத்து இறுக்கினார். தோள் குலுங்க அழுதார். அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டே நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.